இண்டியானா ஜோன்ஸ்: ஐந்து படங்கள், பன்னிரண்டு நாவல்கள், ஊருக்குத் திரும்பிய ஒரு கல்

புதையல் தேடும் படங்களில் புதையல் கிடைப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தால்தான். கதாநாயகன் கால் தவறிக் குழியில் விழுவான், சுவர் தானாகத் திறக்கும், உள்ளே தங்கம் மின்னும். பழம்பொருள் தேடிப் போகும் ஒரு தொல்லியல் பேராசிரியரின் கதையான இண்டியானா ஜோன்ஸ் படங்களை என் மாணவர்களிடம் தைரியமாகப் பார்க்கச் சொல்வதற்கு ஒரே காரணம், இவற்றில் புதையல் படித்தவனுக்குத்தான் கிடைக்கிறது. தில்லியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் ஆர்.கே.புரம் வீட்டில் அக்கா பிள்ளைகளோடு ஐந்து படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். கூடவே அந்த நாயகனை வைத்து எழுதப்பட்ட பழைய நாவல்களையும் தேடிப் பிடித்துப் படித்தேன். இவற்றில் எதைப் பார்க்கலாம், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக இது.

முதல் படமான 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' 1981-ல் வந்தது. கதை ஜார்ஜ் லூகாஸ், இயக்கம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். உருண்டு துரத்தும் பாறையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்தப் பாறையின் சத்தம், ஹோண்டா சிவிக் காரை எஞ்சினை அணைத்துவிட்டுச் சரளைக்கல் சரிவில் உருளவிட்டு ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் பதிவு செய்தது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது வரைபட அறைக் காட்சி. சரியான உயரத்தில் ஒரு தடி, அதன் தலையில் படிகம் பதித்த பதக்கம். காலை வெயில் படிகத்தின் வழியே போய், தரையில் அமைத்திருக்கும் சின்ன நகரத்தில் ஓரிடத்தைத் தொடுகிறது. நாயகன் தேடும் பேழை, பைபிளில் வரும் புனிதப் பெட்டி, இருப்பது அங்கேதான். தடி ஆறு கடாம் (படத்தில் வரும் நீள அளவு) இருக்க வேண்டும் என்று பதக்கத்தின் ஒரு பக்கம் சொல்கிறது, அதில் ஒன்றைக் குறை என்று மறுபக்கம் சொல்கிறது. அதே பேழையைத் தேடும் நாஜிகளிடம் இருப்பது ஒருவன் உள்ளங்கையில் தீய்ந்து பதிந்த ஒரு பக்கம் மட்டும். அதை நம்பி அவர்கள் வேறிடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்வெட்டை முழுதாகப் படிக்காமல் முடிவுக்கு வராதே என்று நான் வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் இந்த ஒரு காட்சி செய்கிற வேலையைச் செய்யாது.

அவர்கள் தோண்டும் தானிஸ் கற்பனை ஊர் இல்லை. நைல் கழிமுகத்தில் இருந்த நிஜ நகரம். படத்தில் வருவதுபோல் மணற்புயலில் மூழ்கியதல்ல. பக்கத்தில் ஓடிய ஆற்றுக்கிளை தூர்ந்துபோனதால் மெல்லக் கைவிடப்பட்டது. படக்கதை நடப்பது 1936-ல். நிஜத்தில் 1939-ல் பிரெஞ்சு அறிஞர் பியேர் மோன்தே அங்கே அரச கல்லறைகளைக் கண்டுபிடித்தார். வெள்ளிச் சவப்பெட்டியும் தங்க முகமூடியும் கிடைத்தன. உலகப் போர் மூண்டிருந்த நேரம் என்பதால் துட்டன்காமுனுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. படம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு அந்த முகமூடியின் படத்தைக் காட்டுங்கள்.

அடுத்தது 1984-ல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்'. தொடரிலேயே நமக்கு மிகவும் கோபம் வரவேண்டிய படம். அரண்மனை விருந்தில் குரங்கு மூளையும் வண்டுகளும் பரிமாறுகிறார்கள். நரபலி கேட்கும் கொடூரத் தெய்வமாகக் காளி. திரைக்கதையைப் பார்த்துவிட்டு இந்திய அரசு படப்பிடிப்புக்கு அனுமதி மறுத்ததில் எனக்கு முழு உடன்பாடு. அதனால் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் ஊரில் மக்கள் பேசுவது சிங்களம். நம் காதுக்கு உடனே பிடிபட்டுவிடும். பூசாரி மோலா ராமாக வரும் அம்ரீஷ் பூரி திரையில் வந்தாலே அறை குளிர்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மார்பிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சி இருக்கிறது. இந்தப் படத்தையும் அதே ஆண்டு வந்த இன்னொரு படத்தையும் பற்றிப் பெற்றோர்கள் எழுப்பிய புகார்களுக்குப் பிறகுதான் அமெரிக்காவில், பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 என்ற தணிக்கைப் பிரிவே வந்தது. எட்டு வயதுக்காரனை அந்த இடத்தில் சமையலறைக்கு அனுப்பிவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு, தொடரில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இந்தப் படத்துடையதுதான். ஒரு கிராமத்தின் கல் களவு போகிறது. லிங்கத்தைப் போன்ற வழவழப்பான கல், குறுக்கே மூன்று கோடுகள். படத்தில் அதற்கு வேறு விளக்கம் தந்தாலும் நமக்குத் திருநீற்றுப் பட்டைதான் கண்ணில் படும். கடைசியில் அந்தக் கல்லை நாயகன் ஊருக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறான். நீயே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று உடன் வந்தவள் கேட்கிறாள். மியூசியத்தில் வைத்தால் தூசி படிந்த இன்னொரு கல்லாகத்தான் கிடக்கும் என்பது அவன் பதில். முதல் படத்தின் தொடக்கத்தில் இதே மனிதன்தான் தென் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பொற்சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவர்கள் அம்பும் ஈட்டியுமாகத் துரத்துகிறார்கள். தங்கள் சாமியை ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடினால் வேறு என்ன செய்வார்கள்? நான்காவது படத்திலும் ஒரு பொருள் இருந்த இடத்துக்கே போகிறது, ஆனால் அங்கே வாங்கிக்கொள்ள மனிதர்கள் இல்லை. திருடுபோனது திரும்பி வந்ததும் ஓர் ஊரே சந்தோஷப்படுவது இந்த ஒரு படத்தில்தான்.

"சித்தி, மியூசியத்துல வச்சா பத்திரமா இருக்கும்ல?" என்று பெரியவள் கேட்டாள். நல்ல கேள்வி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராசரும் மியூசியத்தில் பத்திரமாகத்தான் இருந்தார், கான்பெர்ராவில். கோயிலிலிருந்து திருடப்பட்டு, நியூயார்க் வியாபாரி ஒருவர் மூலம் விற்கப்பட்ட அந்தச் சிலையை ஆஸ்திரேலிய தேசிய காட்சியகம் 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. களவு போன சிலைதான் என்று நிரூபிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் இங்கே தில்லியில் வைத்துத்தான் சிலையை ஒப்படைத்தார். அதற்கும் முன்னால் பத்தூர் நடராசர் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி ஜெயித்து 1991-ல் வந்து சேர்ந்தார். புராணா கிலாவில் மீட்கப்பட்ட, பறிமுதல் செய்யப்பட்ட சிலைகளுக்கென்று ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. தில்லியில் இருப்பவர்கள் இரண்டாவது படத்தைப் பார்த்த வாரமே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். நாங்கள் போனோம். பெரியவள் ஒவ்வொரு சிலையின் முன்னும் நின்று, இது எந்த ஊர், எப்போது ஊருக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது படமான 'லாஸ்ட் க்ரூசேட்' (1989) குடும்பத்தோடு பார்க்க மிகவும் ஏற்றது. அப்பாவாக ஷான் கானரி. நிஜத்தில் மகனாக நடிக்கும் ஹாரிசன் ஃபோர்டைவிடப் பன்னிரண்டு வயதுதான் பெரியவர், ஆனாலும் அப்பா மகன் சண்டையை நம்ப வைத்துவிடுகிறார்கள். தொல்லியலில் எழுபது சதவீத வேலை நூலகத்தில்தான் என்று நாயகன் வகுப்பில் சொல்லும் காட்சிக்கு நான் கைதட்டினேன். நான்காவது (2008) படிக மண்டை ஓடு பற்றியது. அப்படிப்பட்ட மண்டை ஓடுகள் பழங்கால மாயர்களுடையவை அல்ல, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பதே 19-ஆம் நூற்றாண்டு வேலை என்று ஆய்வில் தெரிந்துவிட்டது. படம் அந்தச் சந்தேகத்தின் பக்கம் போகவே இல்லை, எனக்கு அது ஏமாற்றம். ஐந்தாவதை (2023) இயக்கியது ஜேம்ஸ் மேன்கோல்ட். வயதான நாயகனைப் பார்க்க மனம் கனக்கிறது, படம் நீளம்.

அப்புறம் நாவல்கள். 1991 முதல் 1999 வரை பேன்டம் பதிப்பகம் ஆங்கிலத்தில் பன்னிரண்டு வெளியிட்டது. எல்லாம் படங்களுக்கு முந்தைய காலத்துக் கதைகள். முதல் ஆறு ராப் மெக்ரிகர், அடுத்த இரண்டு மார்ட்டின் கைடின், கடைசி நான்கு மேக்ஸ் மெக்காய். தரியாகஞ்சு ஞாயிறு புத்தகச் சந்தை இப்போது மகிளா ஹாட்டில் நடக்கிறது. அங்கே ஆங்கில த்ரில்லர் குவியலுக்குள் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். கடைக்காரரிடம் நாயகன் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட நீங்களே முதுகெழுத்தைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது. வாங்கும் முன் பக்கம் உதிர்கிறதா என்று விரித்துப் பாருங்கள். என் பிரதி ஒன்றில் நடுவே ஓர் அத்தியாயமே தளர்ந்து கையோடு வந்தது.

முதலில் வாங்க வேண்டியது மெக்ரிகரின் டெல்ஃபி நாவல். மொழியியல் படிக்கப் பாரிஸ் போன இளைஞன் ஒரு கிரேக்கப் பேராசிரியையின் பின்னால் தொல்லியலுக்குள் வருகிறான். இன்னும் எதுவும் தெரியாத பையன். படங்களில் பார்க்க முடியாத தயக்கமும் பயமும் இதில் இருக்கின்றன. 1925-ல் பிரேசில் காட்டில் காணாமல் போன கர்னல் ஃபாசெட்டைத் தேடும் நாவலும் நன்று, ஃபாசெட் நிஜ மனிதர் என்பதால் படித்து முடித்ததும் அவர் வரலாற்றைத் தேட வைக்கும். பிற்பகுதி மெக்ரிகர் நாவல்களில் கனவும் தரிசனமும் அதிகமாகி, தேடல் குறைந்துவிடுகிறது. கைடின் விமானி, அவர் கதைகளில் விமானம் பற்றிய விவரம் பக்கம் பக்கமாக வருகிறது, எனக்கு ஓடவில்லை.

மெக்காயின் ஞானக்கல் நாவல்தான் மொத்தத்தில் சிறந்தது. இன்றுவரை யாராலும் படிக்க முடியாத வாய்னிச் சுவடியைச் சுற்றி நடக்கிறது. அதன் தோல் பக்கங்கள் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்று கார்பன் ஆய்வு சொல்கிறது. சுவடி இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. படிக்க முடியாத எழுத்தின் முன் அந்த நாயகன் நிற்கும் பக்கங்களில் முதல் படத்தின் வரைபட அறைக் காட்சியில் இருந்த அதே பரபரப்பு. மெக்காயின் நாவல்களுக்குள் ஒரு படிக மண்டை ஓட்டின் கதை தொடர்ந்து வருவதால் வரிசை மாற்றாமல் படியுங்கள். அவற்றில் கடைசியான ஸ்ஃபிங்ஸ் நாவல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் பட்டால் எடுத்து வைத்துச் சொல்லுங்கள், விலை எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன்.