குந்தில் ஏறி இறங்கிய நான்கு வாரங்கள்

முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல் என்ற லிகமென்டுக்கு (இணைப்பு நாருக்கு) அறுவைச் சிகிச்சை முடிந்த ஏழாவது மாதத்தில் ஒஸ்லோவிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். நான்கு வாரம் பயிற்சி தடைப்பட்டால் தொடைத் தசை மீண்டும் வற்றிவிடுமே என்று பெரிய கவலை.

இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபிக்கு) முதலில் போன தனியார் இடத்தில் படுக்கவைத்து, சூட்டொத்தடம் கொடுத்து, அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். "ஆறு மாதம் தாண்டிவிட்டதுதானே, விளையாடலாம்" என்றார் அங்கிருந்தவர். என்னை எழுந்து நிற்கவைத்துக்கூடப் பார்க்கவில்லை. அளக்காமல் இப்படிச் சொல்வது பெரும் தவறு.

அடுத்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய அறை. தங்கச்சி வயதுள்ள இயன்மருத்துவர். எந்தத் தசைநாரை எடுத்துப் பொருத்தினார்கள் என்றுதான் முதலில் கேட்டார். நல்லகாலம், அறுவைச் சிகிச்சை அறிக்கை கையில் இருந்தது. நீங்களும் மறவாமல் கொண்டுபோங்கள். தரையில் அளவுநாடா ஒட்டியிருந்தது. ஒற்றைக் காலில் பாய்ந்து, அதே காலில் ஆடாமல் ஊன்றி நிற்க வேண்டும். வலது கால் 171 சென்டிமீற்றர், அறுவை செய்த இடது 142. கணக்குப் பார்த்துவிட்டு, "83 வீதம். 90ஐத் தொட்டபிறகு ஆட்டத்தைப் பற்றிக் கதைப்போம், அண்ணா" என்றார்.

பின்தொடையிலிருந்து எடுத்த நாருக்குள் புது இரத்தக் குழாய்கள் ஓடி, அது லிகமென்டாக மாற மாதக்கணக்கில் ஆகும். வலி அதற்கு வெகு முன்பே போய்விடும். பலர் ஏமாறுவது அங்கேதான். ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்கினால் மீண்டும் அறுகிற ஆபத்து அதிகம் என்றார். நல்லூர் வீதி மணலில் நடக்கலாம், கரப்பந்தாட்டம் கூடாது. கருவிகள் இல்லாத குறைக்கு வீட்டுக் குந்தே (திண்ணையே) போதும் என்று, ஒற்றைக் காலால் மெதுவாக ஏறி இறங்கச் சொல்லித் தந்தார்.

அக்காவின் மகனுக்கு வயது 19. ஊர்க் கழகத்தில் முன்வரிசையில் நின்று அடிப்பவன். போன வருடம் துள்ளி இறங்கும்போது முழங்காலில் பொட்டென்று சத்தம் கேட்டதாம். எக்ஸ்-ரேயில் எலும்பு முறியவில்லை என்றதும், முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் எண்ணெய் போட்டுக் கட்டி, வீக்கம் வற்றியதும் விளையாடப் போய்விட்டான். இப்போது படி இறங்கும்போது கால் நழுவுகிறது என்கிறான். லிகமென்ட் எக்ஸ்-ரேயில் தெரியாது என்று யாருமே அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. கேட்டபோது வயிறு எரிந்தது.

மறுநாளே அவனை அந்த இயன்மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முழங்காலைச் சற்று மடக்கிப் பிடித்து, கீழ்க்காலை முன்னுக்கு இழுத்துப் பார்த்தார். நல்ல காலில் இழுவை சட்டென்று நின்றது. மற்றதில் நிற்காமல் வந்தது. எனக்கே கண்ணால் தெரிந்தது. ஒன்றும் பேசாமல், எம்.ஆர்.ஐ பார்க்க வேண்டும் என்று யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

கிளினிக் திகதி அடுத்த மாதம். என் இறப்பர் பட்டிகளை அவனிடமே விட்டுவந்தேன். குந்தில் எத்தனை தரம் ஏறினான் என்று ஒவ்வொரு இரவும் எழுதி அனுப்புகிறான்.