லத்தீன் வேர்ச்சொல் அட்டைப் பெட்டி: யார் வாங்கலாம்?

மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் இந்தப் பெட்டியில் 120 அட்டைகள் இருக்கின்றன. விலை 850 ரூபா. அட்டையின் ஒரு பக்கத்தில் ஒரு லத்தீன் வேர். மறுபக்கத்தில் அதன் தமிழ்ப் பொருள், அதிலிருந்து பிறந்த நான்கு ஆங்கிலச் சொற்கள், தமிழெழுத்தில் உச்சரிப்பு. உயர்தர வகுப்பைத் தமிழில் படித்துவிட்டு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ போய் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கப்போகிற பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். பேச்சு ஆங்கிலம் தேவைப்படுவோருக்கு இது உதவாது. கெட், புட், டேக் போன்ற அன்றாடச் சொற்கள் லத்தீனிலிருந்து வந்தவை அல்ல. அவற்றுக்கு இங்கே அட்டையே இல்லை.

தெரிவு நன்றாக இருக்கிறது. 'மிட்' என்றால் அனுப்புதல். சப்மிட், பெர்மிட், டிரான்ஸ்மிட் மூன்றையும் போட்டு, அவை பெயர்ச்சொல்லாகும்போது 'மிட்' 'மிஷன்' ஆகிவிடும் என்பதையும் அதே அட்டையில் காட்டியிருக்கிறார்கள். ஒரு வேரைப் படித்தால் ஆறு சொல் கைக்கு வருகிறது. உயிரியல் மாணவர்களுக்கு 'வோர்' அட்டை ஒன்றே போதும்: விழுங்குதல் என்ற பொருள் பிடிபட்டால் கார்னிவோர், ஹெர்பிவோர், ஒம்னிவோர் எதையும் தனித்தனியே பாடமாக்க வேண்டியதில்லை.

சிக்கல் 'கப்' அட்டையில். பொருள் 'எடுத்தல், பிடித்தல்' என்று மட்டும் போட்டிருக்கிறது. கப்சருக்கு அது சரி. ஆனால் கப்பிட்டல், கப்டன் இரண்டும் 'தலை' என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. தசையின் பெயரான பைசெப்ஸும் அதே தலைதான், 'இருதலை' என்று பொருள். அட்டையை நம்பும் மாணவர் இவை எல்லாவற்றையும் 'பிடித்தல்' என்றே விளங்கிக்கொள்வார். 'எடுத்தல்' வேர் செப்ட், சிப், சீவ் என்று உருமாறுவதும் அட்டையில் இல்லை. அதனால் அக்செப்ட், ரிசிபியன்ட், ரிசீவ் மூன்றும் ஒரே குடும்பம் என்பது தெரியாமலே போய்விடும்.

முன்னொட்டுகளிலும் இதே குறை. 'அட்' (ad) அட்டை இருக்கிறது, ஆனால் அது அக்செப்டில் 'அக்' (ac) ஆகவும், அட்ராக்டில் 'அட்' (at) ஆகவும், அசிமிலேட்டில் 'அஸ்' (as) ஆகவும் மாறுகிறது என்ற குறிப்பு இல்லை. அடுத்து வரும் மெய்யோடு ஒத்துப்போவதுதான் காரணம். தமிழில் புணர்ச்சி இலக்கணம் படித்த பிள்ளைக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். 'இன்' இன்னும் ஆபத்தானது. 'இல்லை' என்று மட்டும் படித்தவர் எரிபொருள் பவுசரில் 'இன்ஃபிளமபிள்' என்று கண்டால் 'தீப்பற்றாது' என்று எடுத்துக்கொள்வார். அங்கே 'இன்' என்பது 'உள்ளே'. பொருள், எளிதில் தீப்பற்றும் என்பது.

'பெட்' அட்டையில் பெடல், பெடஸ்ட்ரியன் ஆகியவற்றோடு பீடியாட்ரிக்ஸையும் சேர்த்தது தவறு. முதல் இரண்டிலும் இருப்பது 'பாதம்' என்ற லத்தீன் சொல். மூன்றாவதில் இருப்பது 'குழந்தை' என்ற கிரேக்கச் சொல். தாதியர் பயிற்சிக்குப் போகிறவர்கள் இந்த அட்டையில் கட்டாயம் திருத்தி எழுதிவைக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை இதுதான். நாளுக்கு 4 புதிய அட்டைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். வேரைப் பார்த்துப் பொருளைச் சொல்வது சுலபம். சொல்லைப் பார்த்து அதற்குள் வேரைப் பிரித்துக் காட்டுவதுதான் பயிற்சி. முதலில் கோடு போட்டுப் பிரிக்கவும், பொருளை ஊகிக்கவும், பிறகு அகராதியில் சரிபார்க்கவும். சரிபார்க்காமல் விட்டால் ஊகமே பொருளாக மனதில் நின்றுவிடும். எடுத்துக்காட்டாக, மனுஃபக்சர் என்ற சொல்லுக்குள் 'கை' என்ற பொருளுள்ள வேர் இருக்கிறது; இன்றைய தொழிற்சாலையில் செய்வது இயந்திரம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என அதே அட்டைகளைத் திரும்ப எடுக்கவும்.

தமிழெழுத்து உச்சரிப்பை மட்டும் நம்ப வேண்டாம். 'போர்ட்' என்று எழுதினால் சுமப்பதைக் குறிக்கும் வேரா, கரும்பலகையா என்று தெரியாது. எக்ஸ்போர்ட் பெயராக வரும்போது அழுத்தம் முதல் அசையிலும் வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் விழுவதையும் அந்த எழுத்து காட்டாது. கைப்பேசி அகராதியில் ஒலியைக் கேட்டு, அழுத்தம் விழும் அசைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைக்கவும். அட்டை வழவழப்பில்லாதது, பென்சில் நன்றாகவே எழுதும்.