ஆயில் அழுத்தம் குறைந்தால் மென்பொருளா, சென்சாரா, கெட்டி ஆயிலா, எஞ்சினையே பிரிப்பதா?

பிக்கப் டிரக்கில் ஆயில் அழுத்தம் குறைவு என்ற எச்சரிக்கை எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. அளவு சரியாக இருந்தும் எச்சரிக்கை எரிந்தது, வண்டியும் சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டது என்னும்போதுதான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குப் புதிய மென்பொருள் ஏற்றினால் போதும் என்கிறார் ஒருவர். சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகும் என்று ஒரு யோசனை வருகிறது. கடைசியில் எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு வருகிறது. இவற்றின் செலவுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனாலேயே எல்லோருக்கும் முதல் வழி இனிக்கிறது.

மென்பொருள் அப்டேட்டை நான் எதிர்க்கவில்லை. சில எஞ்சின்களில் அதுதான் முறையான தீர்வு. ஆனால் அப்டேட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் வருகின்றன. ஒன்று, எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை மாற்றுகிறது. மற்றொன்று, அந்த அழுத்தத்தைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் செய்தியை மட்டும் மாற்றுகிறது. எது வந்திருக்கிறது என்று தெரியாமல் மற்ற வழிகளோடு அதை ஒப்பிடவே முடியாது.

மென்பொருளுக்கு ஆயில் அழுத்தத்தில் கை எப்படி வந்தது? பழைய பம்ப் எளிமையானது. எஞ்சினின் மையத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றினால் பம்பும் சுற்றும். வேகம் கூடினால் அழுத்தம் கூடும். கம்ப்யூட்டருக்கு அங்கே வேலையில்லை. இப்போதைய எஞ்சின்கள் பலவற்றில் தள்ளும் அளவை மாற்றிக்கொள்ளும் பம்ப் இருக்கிறது. சுழற்சி வேகம், சுமை, ஆயிலின் சூடு ஆகியவற்றைப் பார்த்து, கம்ப்யூட்டர் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சோலினாய்டு வால்வு மூலம் பம்பைத் தாழ்ந்த நிலைக்கோ உயர்ந்த நிலைக்கோ மாற்றுகிறது. தேவைக்கு மேல் ஆயிலைத் தள்ளுவது வீண் உழைப்பு. அதைக் குறைத்தால் எரிபொருள் மிஞ்சும். இத்தகைய பம்புகளில் பெரும்பாலானவை, வால்வுக்கு மின்சாரம் வராவிட்டால் உயர்ந்த அழுத்தத்திலேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. பழுது வந்தாலும் எஞ்சினுக்கு ஆபத்து வரக்கூடாது என்ற நல்ல யோசனை அது.

இப்படிப்பட்ட எஞ்சினில் மென்பொருளால் நிஜமாகவே வேலை செய்ய முடியும். குறைந்த வேகத்திலேயே பம்பை உயர்ந்த நிலைக்கு மாற்றலாம்; ஆயில் மிகவும் சூடாக இருக்கும்போது தாழ்ந்த நிலைக்குப் போகவிடாமல் தடுக்கலாம். அது பழுது நீக்கம்தான், சந்தேகமில்லை. பழைய வகைப் பம்ப் உள்ள எஞ்சினுக்கு அப்டேட் என்றால் கதை வேறு. வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தைச் சற்று உயர்த்தலாம். மிஞ்சிப்போனால் எச்சரிக்கை எரியும் வரம்பைக் குறைக்கலாம், எரிவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை நீட்டலாம். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து, ஆயில் நழுவும்படி அகன்ற இடைவெளியை எந்த நிரலாலும் அடைக்க முடியாது.

டாஷ்போர்டில் தெரிவதை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபோர்டு 1980களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் தன் பிக்கப்களில் ஆயில் கேஜுக்குப் பின்னால் அளக்கும் சென்சாரை வைக்கவில்லை, வெறும் சுவிட்சை வைத்தது. அழுத்தம் ஏறக்குறைய 6 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் இருந்தால் போதும், முள் நடுவில் போய் நின்றுவிடும். 10 இருந்தாலும் 50 இருந்தாலும் அதே இடம்தான். இன்றைய திரைகளிலோ முள்ளே கம்ப்யூட்டர் வரையும் படம். இரண்டு நிலைப் பம்ப் நிலை மாறும்போது அழுத்தம் சட்டென்று இறங்குவதைக் கண்டு ஓட்டுநர் பதறுவார் என்பதற்காக அந்த அசைவை மழுப்பிக் காட்டலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மழுப்பியிருக்கிறது என்பது வண்டிக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நிஜத் திருத்தமும் செய்தி மாற்றமும் ஒரே பெயரில் வரும் இந்த இரட்டைத் தன்மைக்கு நல்ல உதாரணம் ஃபோர்டு எஃப்-150. 2018 முதல் 2020 வரை வந்த 5.0 லிட்டர் வி8 எஞ்சின்களில் ஆயில் வழக்கத்தைவிட அதிகம் செலவாவதாகப் புகார் எழுந்தது. கசிவு எதுவும் கண்ணில் படவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி வேகம் இறங்கும்போது கம்ப்யூட்டர் எரிபொருளை நிறுத்திவிடும். அப்போது உள்ளிழுக்கும் பாதையில் உருவாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சுகிறது என்று நிறுவனம் காரணம் சொன்னது. தீர்வாக 2019இல் டீலர்களுக்கு அனுப்பிய குறிப்பில் எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றச் சொன்னது. கூடவே டிப்ஸ்டிக்கையும் மாற்றச் சொன்னது. நிரல் மாற்றத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். காரணம் மென்பொருளின் நடத்தையில் இருந்தது, தீர்வும் அங்கேயே செய்யப்பட்டது. குறியீடுகள் மாறிய டிப்ஸ்டிக்கைத்தான் ஏற்க முடியவில்லை. அதனால் எஞ்சினுக்குள் ஒரு சொட்டு ஆயிலும் கூடுவதில்லை. எந்த அளவுக்கு இறங்கினால் கவலைப்பட வேண்டும் என்ற கோடுதான் இடம் மாறுகிறது. ஒரே குறிப்பில் இரண்டும் சேர்ந்து வந்ததால், நியாயமான நிரல் மாற்றத்தின் மீதும் வண்டிக்காரர்களுக்குச் சந்தேகம் விழுந்தது.

சென்சார் மாற்றுவதை மலிவான தட்டிக்கழிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா நேரத்திலும் அப்படியில்லை. 2007 முதல் 2013 வரையிலான, ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8 எஞ்சினில், ஆயில் அழுத்த சென்சாருக்கு அடியில் விரல்நுனி அளவில் ஒரு சிறு வலை இருக்கிறது. அதில் கசடு அடைத்தால், எஞ்சினில் அழுத்தம் நன்றாக இருந்தாலும் சென்சாருக்குப் போய்ச் சேராது. திரையில் குறைவு என்று வரும். வலையையும் சென்சாரையும் மாற்றினால் தீர்ந்தது. அதே எஞ்சினில், ஆயிலை உறிஞ்சும் குழாயின் ரப்பர் வளையம் காய்ந்து போனால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். அப்போது அழுத்தம் நிஜமாகவே குறையும். இரண்டுக்கும் திரையில் வருவது ஒரே எச்சரிக்கைதான். ஒன்று ஆபத்தில்லாதது, மற்றொன்று எஞ்சினைக் கொல்லக்கூடியது.

எனவே எந்த வழியையும் ஒப்புக்கொள்ளும் முன் மெக்கானிக்கல் கேஜ் வைத்து அளந்தாக வேண்டும். சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையிலேயே கேஜின் குழாயைப் பொருத்தி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் பார்ப்பது. கம்ப்யூட்டர் இதில் தலையிட முடியாது. மேலே சொன்ன ஜெனரல் மோட்டார்ஸ் வி8 குடும்பத்துக்கு நிறுவனம் தந்த குறைந்தபட்ச அளவு நிமிடத்துக்கு 1000 சுழற்சியில் 6 பிஎஸ்ஐ, 2000இல் 18, 4000இல் 24. ஒவ்வொரு எஞ்சினுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்டேட் போடுவதற்கு முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை, அதே சூட்டில், அதே சுழற்சியில் அளக்கச் சொல்லுங்கள். கேஜில் அழுத்தம் ஏறியிருந்தால் அப்டேட் வேலை செய்திருக்கிறது. கேஜ் அப்படியே இருந்து திரை மட்டும் நல்ல செய்தி சொன்னால், செய்திதான் மாறியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவை யார் தலையில் போட்டாலும் செய்தே தீர வேண்டும்.

கெட்டி ஆயில் என்ற வழி 2025 ஏப்ரலில் புது மரியாதை பெற்றது. 2021 முதல் 2024 வரையிலான சில்வராடோ, சியரா பிக்கப்களையும் பெரிய எஸ்யுவிகளையும் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள். கிராங்க் ஷாஃப்ட், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராட் ஆகியவற்றின் தயாரிப்பில் குறை. ஆயில் பாதைகளில் துகள் தங்கியிருக்கலாம். சோதனையில் தேறாத எஞ்சினைப் பழுதுபார்க்க அல்லது மாற்ற வேண்டும். தேறிய எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதிலாக 0டபிள்யூ-40 (முன் எண் குளிரில், பின் எண் சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை), புது ஃபில்டர், புது ஆயில் மூடி. கெட்டி ஆயில் சூட்டிலும் பேரிங்கில் தடிமனான படலமாக நிற்கும், அழுத்தமும் கூடும். குளிரில் இரண்டும் ஒரே தரம். எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். பொறியியல் நோக்கில் இது வெறும் திரை மாற்றத்தைவிட ஒரு படி மேல். ஆனால் கெட்ட கிராங்க் ஷாஃப்ட்டை ஆயில் நல்லதாக்காது, அவகாசம்தான் தரும். 2024இல் இதே போன்ற துகள் பிரச்சினைக்காக டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் என்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்த டொயோட்டா, எஞ்சினையே மாற்றித் தர முடிவு செய்தது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். தயாரிப்புக் குறையில் சிக்கிய எஞ்சின் என்றால் என் ஓட்டு டொயோட்டாவின் பக்கம்.

டீசல் பிக்கப்பில் மட்டும் இந்த வழிகளின் வரிசை தலைகீழாகலாம். புகைக்கரி வடிகட்டியைச் சூடாக்கி எரிப்பதற்காகச் சில எஞ்சின்களில் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படுகிறது. அதில் ஒரு பங்கு சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப் போகிறது, அழுத்தம் விழுகிறது, டிப்ஸ்டிக்கில் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இங்கே கெட்டி ஆயிலும் சில வாரங்களில் நீர்த்துவிடும். எரிக்கும் முறையையே திருத்தும் அப்டேட்தான் வேரைத் தொடும். ஆயிலையும் அதோடு மாற்றிவிட வேண்டும்.

எஞ்சினைப் பிரிப்பதா என்ற கேள்விக்குப் பழைய ஆயில் ஃபில்டரே பாதி விடை சொல்லிவிடும். அதை வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கருப்புக் கசடு சாதாரணம். மினுமினுக்கும் செதில்கள் இருந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ மின்னினால் பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். அந்த நிலையில் அப்டேட் போடச் சம்மதிக்காதீர்கள். எச்சரிக்கை அணைந்த வண்டியை நம்பி ஓட்டினால், கனெக்டிங் ராட் எஞ்சினின் உலோக உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும் வரை ஒன்றும் தெரியாது.

கேஜ் சரி, ஃபில்டர் சுத்தம், அப்டேட் போடுவது என்று முடிவாகிவிட்டால், ஏற்றும் நேரம் முழுவதும் பேட்டரிக்குச் சார்ஜர் இணைத்திருக்கச் சொல்லுங்கள். பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் கம்ப்யூட்டரே பழுதாகலாம். பழைய நிரலின் அடையாள எண், புதியதன் அடையாள எண், இரண்டு கேஜ் அளவுகள், இந்த நிரல் பம்பின் கட்டுப்பாட்டை மாற்றுகிறதா அல்லது எச்சரிக்கை வரம்பை மட்டும் மாற்றுகிறதா என்ற பதில், இவை அனைத்தையும் பணி ரசீதில் எழுதி வாங்குங்கள். வாரண்டிக் காலம் முடிந்தபின் எஞ்சின் போனால், குறை வாரண்டிக்குள்ளேயே தொடங்கியது என்று காட்ட அந்தத் தாள் உதவும்.