சிறுமியின் கணக்கும் மாடுகளின் புழுதியும்: இரண்டு வெஸ்டர்ன் நாவல்கள்

குதிரையும் துப்பாக்கியுமாக அமெரிக்க மேற்கில் திரியும் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் சிவகாசி காமிக்ஸ்களில் படித்து வளர்ந்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் கேட்டார்: “படம் இல்லாமல், வெறும் எழுத்தாக, ஒரே ஒரு வெஸ்டர்ன் நாவல் படிப்பதென்றால் எதைப் படிக்கலாம்?” நான் இரண்டு பெயர் சொன்னேன். ஒன்றுதானே கேட்டேன் என்றார். அவருக்குச் சொல்லி முடிக்காமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, சார்லஸ் போர்ட்டிஸ் 1968இல் எழுதிய ‘ட்ரூ கிரிட்’. இருநூற்றுச் சொச்சம் பக்கம். இரண்டாவது, லாரி மெக்மர்ட்ரி 1985இல் எழுதி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கிய ‘லோன்சம் டவ்’. எண்ணூறு பக்கத்துக்கு மேல். இரண்டுமே 1870களில் நடக்கிற கதைகள். இரண்டிலும் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித் நகரம் வருகிறது. ஒற்றுமை அதோடு சரி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

‘ட்ரூ கிரிட்’டின் கதையைச் சொல்பவள் மேட்டி ராஸ். பதினான்கு வயதில் தனக்கு நடந்ததை, கிழவியான பிறகு எழுதுகிறாள். அப்பாவைக் கூலியாள் டாம் சேனி சுட்டுக் கொன்றுவிட்டான். அந்தச் சாவை அவள் சொல்லும் விதமே நாவலின் தன்மையைக் காட்டிவிடுகிறது: அவன் பறித்துக்கொண்டவை அப்பாவின் உயிர், குதிரை, 150 டாலர் ரொக்கம், இடுப்பில் செருகியிருந்த இரண்டு கலிபோர்னியா தங்கக் காசுகள். உயிரும் காசும் ஒரே பட்டியலில்! கல்நெஞ்சம் என்று தோன்றும். போகப்போகத்தான், துக்கத்தைத் தாங்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கணக்கு எழுதுவது என்று புரிகிறது.

இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த சண்டை துப்பாக்கியால் நடப்பதல்ல. குதிரை வியாபாரி ஸ்டோன்ஹில்லின் அலுவலகத்தில் நடப்பது. அப்பா வாங்கிய மட்டக் குதிரைகளைத் திரும்ப எடுத்துக்கொள் என்கிறாள் மேட்டி. உன் லாயத்திலிருந்து திருடுபோன எங்கள் குதிரைக்கும் பணம் கொடு என்கிறாள். திருட்டுக்கு நான் எப்படிப் பொறுப்பு என்கிறார் அவர். வங்கியில் கொள்ளை போனால், பணம் போட்டவர்களிடம் ‘போய்வாருங்கள்’ என்று சொல்லிவிட முடியுமா என்று மடக்குகிறாள். பேச்சுக்குப் பேச்சு ஊர் வக்கீலின் பெயரை எடுத்து விடுகிறாள். அவர் தளர்வது வரிக்கு வரி தெரிகிறது. மறுநாள் அவரிடமே போய், தான் விற்ற குதிரைகளில் ஒன்றை விலை குறைத்து வாங்கியும் வருகிறாள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசியவர்கள்கூட இவளிடம் ஒரு வகுப்பு போகலாம்.

சேனியைத் தேடிப் பிடிக்க அவள் கூலிக்கு அமர்த்தும் ஒற்றைக்கண் மார்ஷல் (குற்றவாளிகளைப் பிடிக்கும் அரசு அதிகாரி) ரூஸ்டர் காக்பர்ன் அறிமுகமாவதும் வாய்ச்சண்டையில்தான். நீதிமன்றக் குறுக்கு விசாரணையைக் கேள்வி-பதிலாக அப்படியே தருகிறார் போர்ட்டிஸ். நான்கு ஆண்டில் 23 பேரைக் கொன்றதாக ஒப்புக்கொள்கிற மனிதனைப் பார்த்து, இவன்தான் நமக்குச் சரியான ஆள் என்று முடிவு செய்கிறாள் தேவாலயத்துக்குத் தவறாத இந்தச் சிறுமி.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லாமே மேட்டியின் ஒரே குரலில் வருவதால், அவள் பொருட்படுத்தாத எதுவும் நமக்கும் தெரிவதில்லை. மலையும் காடும் பெயரளவில் கடந்து போகின்றன. தேடிப்போன கொலைகாரனை, விடியலில் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவளே தற்செயலாகக் காண்பது கதாசிரியரின் சோம்பல் என்றுதான் சொல்வேன். அந்த டாம் சேனியும் இவ்வளவு தூரம் துரத்தத் தகுந்த வில்லன் அல்ல, புலம்பிக்கொண்டே இருக்கிற ஒரு சிறு மனிதன். போர்ட்டிஸ் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார். ஆனாலும் வாசகனுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

‘லோன்சம் டவ்’வில் யாரும் கணக்கு எழுதுவதில்லை. டெக்சஸ் காவற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அகஸ்டஸ், உட்ரோ என்ற இரு நண்பர்கள், ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி மெக்சிகோவிலிருந்து மாடுகளைத் திருடி, வடக்கே மொன்டானா வரை ஓட்டிப் போகிறார்கள். முதல் போடாத வியாபாரம். ஏன் போகிறார்கள் என்பதற்கு உருப்படியான காரணமும் கிடையாது. அங்கே நல்ல புல் இருக்கிறது என்று ஒரு பழைய தோழன் போகிற போக்கில் சொன்னான், அவ்வளவுதான்.

அகஸ்டஸ் வீட்டு முகப்புக்கு வரும்போது, இரண்டு பன்றிகள் ஒரு பாம்பைத் தின்றுகொண்டிருக்கின்றன. நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. பிறகு நீண்ட நேரம் எதுவும் நடப்பதில்லை. ரொட்டி சுடுகிறார், குடிக்கிறார், நண்பனைச் சீண்டுகிறார். மந்தை கிளம்புவதற்குள் ஒரு சிறு நாவலின் அளவு பக்கங்கள் ஓடிவிடுகின்றன. முதல்முறை இங்கேயே மூடி வைத்தவன் நான். ஓராண்டு கழித்து மறுபடி எடுத்தபோதுதான், இந்தத் திண்ணைப் பேச்சில்தான் ஒவ்வொருவரும் நமக்கு நெருக்கமாகிறார்கள் என்பது பிடிபட்டது.

அந்த நெருக்கத்துக்கான விலையை நியூசெஸ் ஆற்றில் வசூலிக்கிறார் மெக்மர்ட்ரி. அயர்லாந்திலிருந்து அண்ணனோடு வந்த ஷான் என்ற பையன், தண்ணீருக்கு அஞ்சி அஞ்சிக் குதிரையை இறக்குகிறான். பாம்புக் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறான். வில்லன் இல்லை, துப்பாக்கி இல்லை, பழிவாங்க யாருமில்லை. அகஸ்டஸ் குழிமேட்டில் நின்று, நல்ல பையன், நல்ல குரல் என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, நாம் மொன்டானாவுக்குக் கிளம்புவோம் என்கிறார். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தில் யார் சாவார்கள் என்ற பயம் விட்டுப்போகாது. வேறெந்த சாகச நாவலிலும் இவ்வளவு பயந்து நான் பக்கம் புரட்டியதில்லை.

ஆனால் அமெரிக்காவின் பாதி நிலப்பரப்பில் சிதறிக் கிடப்பவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒருவரை ஒருவர் சந்தித்துக்கொண்டே இருப்பது உறுத்துகிறது. லொரீனா என்ற பெண்ணை முதலில் அத்தனை உயிரோடு படைத்துவிட்டு, கடத்தப்பட வேண்டியவளாக்கி, பிறகு அகஸ்டஸுக்காகக் காத்திருப்பவளாக்குவது எனக்கு ஒப்பவில்லை. பெண் பாத்திரத்தில் போர்ட்டிஸ் எங்கேயோ உயரத்துக்குப் போய்விடுகிறார்.

இரண்டுமே சறுக்கும் இடம் பூர்வகுடிகள். மேட்டி குதிரையோட்டும் நிலம், 1830களில் சோக்டா, செரோக்கி மக்களை ஊரைவிட்டுத் துரத்திக் குடியேற்றிய பகுதி. சோக்டா காவல்படைத் தலைவர் ஒருவர் வந்து போகிறார். மற்றபடி அந்த மண்ணுக்கு அவர்களோடு என்ன உறவு என்பது அவள் கணக்கில் ஏறவேயில்லை. மெக்மர்ட்ரிக்கு இது தெரியும். இந்தப் பூமியைச் சுவாரசியமாக்கிய மக்களை நாமே கொன்று தீர்த்துவிட்டோமே என்று அகஸ்டஸ் புலம்புகிறார். பசியால் ஒடுங்கிப்போன ஒரு கூட்டத்தின் இளைஞன் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு நல்ல மனிதனைக் குத்திக் கொல்லும் காட்சியில் அந்தப் புலம்பல் சதையும் ரத்தமுமாகிறது. பிறகு அதே புத்தகத்தில் புளூ டக் என்ற முழுமூர்க்கனையும் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவன் ஏன் அப்படி ஆனான் என்று கேட்க எண்ணூறு பக்கத்தில் இடமில்லை.

முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

இரண்டு நாவல்களும் ஒரு பிணத்தைச் சுமந்துபோவதில் முடிகின்றன. நண்பனுக்குக் கொடுத்த வாக்குக்காக உட்ரோ, அகஸ்டஸின் உடலை மொன்டானாவிலிருந்து டெக்சஸுக்குக் கொண்டுவருகிறார். 1868இல் சார்லஸ் குட்நைட், தன் கூட்டாளி ஆலிவர் லவிங்கின் உடலை நியூ மெக்சிகோவிலிருந்து டெக்சஸுக்குக் கொண்டு சேர்த்த உண்மை நிகழ்ச்சிதான் இதற்கு மூலம். செத்தவனுக்காக ஒரு கண்டத்தைக் கடக்கிற உட்ரோவால், உயிரோடிருக்கும் மகனை மகன் என்று வாய்விட்டு அழைக்க முடியவில்லை. மேட்டியோ, கால் நூற்றாண்டு கழித்து ரூஸ்டரைப் பார்க்கப் போகிறாள். அவர் செத்துச் சில நாளாகிவிட்டது. உடலைத் தன் குடும்ப நிலத்துக்கு மாற்றிப் பளிங்குக் கல் நடுகிறாள். கல்லின் விலையைக் குறித்துவைக்கவும் மறக்கவில்லை. ஊர் என்ன பேசும் என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பாம்புக்கடியால் ஒரு கையை இழந்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், வங்கி நடத்துகிறவள். அந்தச் செலவுக் குறிப்பில் இருக்கிற அன்பு, உட்ரோவின் மொத்தப் பயணத்திலும் இல்லை.

படம் பார்த்தாயிற்றே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜான் வெய்ன் ஆஸ்கர் வாங்கிய 1969ஆம் ஆண்டுப் படத்தில் மேட்டியின் கை தப்பிவிடுகிறது. கோயன் சகோதரர்களின் 2010 படம்தான் நாவலுக்கு அருகில் நிற்கிறது.

பெரிய நாவல் எது என்றால் ‘லோன்சம் டவ்’தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நண்பருக்கு வாங்கி அனுப்பியது ‘ட்ரூ கிரிட்’. நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது: குதிரை வியாபாரி காட்சியை மனைவிக்கு வாசித்துக் காட்டினாராம், அடுத்த முறை கார் விற்கும்போது அவளே பேசப்போவதாகச் சொல்லிவிட்டாளாம்.