ஃபைனல் கலெக்‌ஷனுக்குக் காரைக்குடிக் கண்டாங்கி எடுக்கலாமா?

ஃபேஷன் டிசைன் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் எங்கள் தையல் கடைக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு வருவார்கள். படிப்பது கோயம்புத்தூர், சென்னை, மதுரை என்று இருந்தாலும் வீடு தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் என்று இந்தப் பக்கம்தான். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி: “அக்கா, ஃபைனல் கலெக்‌ஷனுக்குக் கண்டாங்கி எடுக்கலாமா?” புடவையாகக் கட்டிக்கொள்கிறவர்கள் கண்டாங்கியைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். அதை மேஜையில் விரித்துக் கத்திரி போடப்போகிறவர்களுக்காக யாரும் எழுதின மாதிரி தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம். என்னைக் கேட்டால், படிப்பு முடிவதற்குள் ஒரு தடவையாவது இந்தத் துணியோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலை தேடிப் போக வேண்டும்.

முதலில் துணி. பருத்தி, கைத்தறி, நல்ல கனம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள், பெரிய கட்டம் அல்லது கோடு, இரண்டு பக்கமும் பட்டையாக அகலக் கரை. அந்தக் காலத்து ஆச்சிமார் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய புடவை இது. வளவுக்கும் (வீட்டு முற்றம்) அடுப்படிக்கும் நாள் முழுக்க நடந்தவர்கள் உடுத்தியது, அதனால் உழைப்பு அபாரம். விலை ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி, நூலின் கவுன்ட்டையும் (நூல் எவ்வளவு மெல்லிசு என்ற எண்) கரை வேலையையும் பொறுத்து ஏறும்.

அதில் பாதி விலைக்குக் கண்டாங்கி என்று யாராவது நீட்டினால் அது பெரும்பாலும் வேறெங்கோ விசைத்தறியில் ஓடியதாக இருக்கும். சுற்றுலா வருகிறவர்களை நம்பி நடக்கும் ஒரு கடையில் ஒரு பிள்ளை நான்கு புடவை வாங்கிவந்தாள், தண்ணீரில் நனைத்ததும் அரக்குச் சாயம் மஞ்சள் கட்டத்துக்குள் இறங்கி நான்கும் வீண். கைத்தறி முத்திரை இருக்கிறதா பாருங்கள், துணியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், அகலம் சுருங்காமல் பிடித்து நிறுத்தும் கம்பின் முனை குத்திய சின்னச் சின்னத் துளைகள் கைத்தறியில் முன்னே பின்னே விலகி இருக்கும். இதைவிட நல்ல வழி, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ தறி ஓடுகிற வீட்டிலோ நேராகப் போய் வாங்குவது. படிக்கிற பிள்ளைக்கு அங்கே துணியோடு சேர்ந்து கிடைப்பது நிறைய, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கி வந்ததும் வெட்டாதீர்கள். முந்திப் பக்கத்தில் 10 அங்குலத்துக்கு 10 அங்குலம் ஒரு துண்டு எடுத்து, ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு மறுபடி அளந்து பாருங்கள். பாவு வாட்டில் (நீளவாட்டு இழை) எவ்வளவு சுருங்கியது, ஊடை வாட்டில் (குறுக்கு இழை) எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. ஈரத் துண்டின் மேல் வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தால் சாயம் நிற்குமா என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் முழுப் புடவையையும் நனைக்க வேண்டும். கஞ்சி போனதும் துணி வேறு ஆளாகிவிடும். கடையில் விறைப்பாக நின்றதைப் பார்த்து நீங்கள் வரைந்த பெரிய கை, துணி துவைத்துத் துவண்ட பிறகு அப்படியே நிற்காது. ஆகவே ஸ்கெட்ச் போடுவதைக்கூடத் துவைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி.

வெட்டுவதில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். கரை நீளவாட்டில் ஓடுகிறது, குர்த்தாவின் அடியில் கரை வேண்டுமென்றால் பேட்டர்னைக் குறுக்கே திருப்பி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் உடையின் உயரம் புடவையின் அகலத்தைத் தாண்ட முடியாது, தோளிலிருந்து அடிவரை 46, 47 அங்குலத்துக்குள் முடித்தாக வேண்டும். அதோடு மேல் கரை நேராகத் தோளில் வந்து உட்காரும். அதை மறைக்கப் பார்க்காமல் யோக்காகவோ (தோளை ஒட்டி வரும் மேல் துண்டு), கழட்டிக் கை முனையிலோ வைக்கிறவர் கையில் டிசைன் இருக்கிறது என்று நான் உடனே சொல்லிவிடுவேன். அப்புறம் கட்டம். கையால் அடித்து நெய்வதால் எல்லாக் கட்டமும் அச்சு எடுத்த மாதிரி இருக்காது, ஒன்று ஓரிரு இழை நீண்டிருக்கும், அடுத்தது குறைந்திருக்கும். பக்கத் தையலில் கட்டம் சேர வேண்டுமென்றால் அடியிலிருந்து மேலே ஒவ்வொரு கோட்டிலும் குண்டூசி குத்திக்கொண்டே போக வேண்டும். கட்டம் பெரிதாக இருக்க இருக்க வீணாகும் துணியும் கூடும். ஐந்தரை மீட்டர் புடவையில் இரண்டு குர்த்தா என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள் கரையையும் கட்டத்தையும் பொருத்தி முடிக்கும்போது இரண்டாவதற்குக் கை இல்லாமல் நிற்பதுண்டு. கிராஸில், அதாவது இழைக்கு மூலைவாட்டில், வெட்டினால் தொங்கவிட்டு ஒரு ராத்திரி போன பிறகே அடி மடிக்க வேண்டும், ஏற்ற இறக்கம் அப்போதுதான் தெரியும். வெட்டிய ஓரம் சீக்கிரம் பிரியும், உடனே ஓவர்லாக் போட்டுவிடுங்கள்.

கவுன், கவுல் நெக் மாதிரி உடம்போடு வழிய வேண்டியதற்கு இது சரிப்படாது, வேண்டாம். ஜாக்கெட், சட்டை, பெட்டி மடிப்பு வைத்த பாவாடை, அகலக் கால்சட்டை, இவற்றுக்கு இதைவிட நல்ல துணி இந்த வட்டாரத்தில் கிடையாது. சட்டைக்கு லைனிங்கூடத் தேவைப்படாது.

இப்போது தறி வீட்டுக்கு வருகிறேன். ஒரு மாணவி தனக்குச் சாம்பல் நிறக் கட்டத்தில் ஒரே ஒரு புடவை வேண்டும் என்று போய் நின்றாள், நானும் கூடப் போயிருந்தேன். நெசவாளர் பெரியவர் தறியை நிறுத்திவிட்டு, “பாவு ஒரு புடவைக்கு ஓட்ட மாட்டோம்மா, பல புடவைக்குச் சேர்த்துத்தான் ஓட்டுவோம். அது இப்போ தறியில ஏறியாச்சு. ஊடைய வேணா மாத்திக்க, என்ன கலர் வேணும் சொல்லு” என்றார். தாரில் (ஊடை நூல் சுற்றும் சின்னக் குழல்) சாம்பல் நூலைச் சுற்றி, பாவுக்குள் ஓடும் நாடாவில் போட்டு நாலு விரல்கடை நெய்தும் காட்டினார். அரக்குப் பாவில் சாம்பல் ஊடை விழுந்ததும் ஒரு புகைந்த நிறம் வந்தது, அந்தப் பிள்ளை நினைத்துப் பார்க்காத நிறம். அவள் கலெக்‌ஷனே அந்த நாலு விரல்கடையிலிருந்து மாறிப்போனது. எதை மாற்றலாம், எதை மாற்றினால் எத்தனை பேருக்கு வேலை கூடும், செலவு எங்கே ஏறும் என்று தெரிந்து வரைவது வேறு, கம்ப்யூட்டரில் நிறம் ஊற்றுவது வேறு.

என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் சொந்த பிராண்டு என்கிறார்கள். டிசைனர் சப்யசாச்சி பெயரைச் சொல்லாதவர்கள் குறைவு. அவர் 1999-ல் கொல்கத்தா நிஃப்ட் ஃபேஷன் கல்லூரியில் படிப்பை முடித்து, அதே வருஷம் சின்னப் பட்டறை போட்டு ஆரம்பித்தவர் என்பது உண்மை. அவர் பெயர் வாங்கியதில் கைத்தறிக்கும் கைவேலைக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்பதும் உண்மை, அந்த இரண்டாவதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். ஆசைப்படுங்கள், கண்டிப்பாகப் படுங்கள். ஆனால் நம் பிள்ளைகள் பலருக்கு முதல் சம்பளம் திருப்பூரில்தான் வருகிறது, அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைக் கவனிக்கிறவருக்கு உதவியாள்), சாம்பிள் பிரிவில், குவாலிட்டியில். அங்கே உங்கள் மூட் போர்டை யாரும் அதிகம் பார்ப்பதில்லை. ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி போகும், துவைத்தால் எவ்வளவு சுருங்கும், காஸ்டிங் என்ன என்று கேட்பார்கள். பள்ளத்தூர்ப் பிள்ளை ஒருத்தி தன் போர்ட்ஃபோலியோவில் கண்டாங்கி ஜாக்கெட்டின் படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் சுருக்க அளவு, வெட்டுத் திட்டம், துணி, நூல், கூலி, வீணானது எல்லாம் சேர்த்த விலைக் கணக்கு, எல்லாவற்றையும் ஒட்டி வைத்தாள். நேர்முகத்தில் பேச்சு பெரும்பாலும் அந்தப் பக்கத்தைப் பற்றியே நடந்தது என்று போன் பண்ணிச் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சினிமாவில் காஸ்ட்யூம் பண்ண ஆசைப்படுகிறவர்களுக்கும் இது உதவும். காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் படப்பிடிப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது, யார் எப்போது எப்படிக் கட்டினார்கள் என்று சொல்லத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைக்கு உதவியாளராக ஒரு கதவு திறக்க வாய்ப்பு உண்டு. ஊரிலேயே ஆரி வேலை, கல்யாண பிளவுஸ் என்று கடை போட நினைப்பவர்கள் அதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள், நான்கு வருஷம் படித்துவிட்டு பிளவுஸா என்று வீட்டிலும் கேட்கிறார்களாம். இந்த ஊரில் நிலையாக வருமானம் தருகிற வேலை அது. கண்டாங்கிக் கரையை வைத்து ஒரு பிளவுஸ் உருப்படியாகத் தைக்கத் தெரிந்தவளுக்கு வேலை தேடி வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செட்டிநாடு என்றாலே தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூவைப் பாலியஸ்டரில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவருவது அலுத்துவிட்டது. கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கையால் சிமென்ட் கலவை ஊற்றிச் செய்யும் கல் அது, அந்த உழைப்பில் ஒன்றுகூட பிரிண்டில் வருவதில்லை. அதே காசுக்கு ஒரு கண்டாங்கி எடுத்துப் பொறுமையாக வேலை செய்யுங்கள். ஷோவில் உங்கள் பெயர் போடும் இடத்தில், நெய்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுங்கள்.

ஏப்ரல், மே மாதம் ஷோ என்றால் பொங்கல் முடிந்த கையோடு துணி கையில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் தறிகளில் ஆர்டர் நிறைந்திருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைப்பது சிரமம், சொன்ன தேதி தள்ளிப்போகும். ஒரே நிறத்தில் எத்தனை புடவை வேண்டுமோ அத்தனையும் ஒரே தடவையில் வாங்குங்கள், கூட ஒன்றும் சேர்த்து. அடுத்த சாயத்தில் அதே அரக்கு வருமென்று யாரும் உறுதி தர மாட்டார்கள். ஊடை மாற்றி நெய்யச் சொன்னால் முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள், நெசவாளரிடம் ஸ்டூடன்ட் டிஸ்கவுன்ட் மட்டும் கேட்காதீர்கள்.