காரைக்குடி டிராவல்ஸ் ஐரோப்பா டூர்ல குட்னா ஹோரா: அரை நாள் பத்தவே பத்தாது

காரைக்குடியில இருந்து கூட்டிட்டுப் போற ஒரு டிராவல்ஸ்ல ஐரோப்பா குரூப் டூர் போயிட்டு வந்தோம். பேரு போடல. பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் நல்லா இருந்துச்சு, கூட வந்த சமையல்காரர் ராத்திரி ரசம் வரைக்கும் குறை வைக்கல. நான் எழுத வந்தது குட்னா ஹோரா பத்தி மட்டும்தான்.

செக் நாட்டுத் தலைநகர் பிராக்ல இருந்து கிழக்க 70 கிலோமீட்டர்ல இருக்குற பழைய வெள்ளிச் சுரங்க ஊரு அது. நோட்டீஸ்ல "எலும்பு சர்ச்"னு மட்டும் போட்டுருந்தாங்க. செட்லெட்ஸ்ங்கிற இடத்துல இருக்கு, கொள்ளைநோய்லயும் ஹுஸைட் போர்ங்கிற 15ம் நூற்றாண்டு மதப்போர்லயும் செத்த ஆயிரக்கணக்கான பேரோட எலும்ப அடுக்கி வச்சிருக்காங்க, 1870ல ரின்ட்னு ஒரு மரச்சிற்பி அதுலயே சரவிளக்கு வரைக்கும் செஞ்சு தொங்கவிட்டுருக்கார். பாத்தாச்சு, சரி. ஆனா அது ஊரோட ஒரு ஓரம்தான், கதையே வேற!

13ம் நூற்றாண்டு கடைசியில அங்க வெள்ளி கெடைச்சிருக்கு. ஜெர்மன்காரங்க சுரங்கம் வெட்ட வந்து குவிஞ்சிருக்காங்க, 1300ல ராஜா இரண்டாம் வென்செஸ்லாஸ் சுரங்கத்துக்குன்னே தனிச் சட்டம் போட்டு, இத்தாலியில இருந்து ஆள வரவழைச்சு பிராக் குரோஷன்னு வெள்ளிக்காசு அடிக்க வச்சிருக்கார், அந்தக் காசு அடிச்ச எடத்துக்கு இன்னைக்கும் இத்தாலிய அரண்மனைன்னுதான் பேரு. பொஹீமியாவுல, அதாவது இன்னைக்கு செக் நாட்டுல இருக்குற அந்தப் பழைய ராஜ்யத்துல, பிராக்குக்கு அடுத்த பெரிய ஊரு அப்ப இதுதான். சுரங்கத் தொழிலாளிங்க சாமியான செயின்ட் பார்பராவுக்கு 1388ல ஆரம்பிச்ச கோயில் 1905லதான் முடிஞ்சிருக்கு. பணம் வத்துனா திருப்பணி எப்படி இழுத்துக்கிட்டே போகும்னு நம்மாளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

1546ல பெரிய சுரங்கத்துக்குள்ள தண்ணி புகுந்துருச்சு, அப்பறம் கொள்ளைநோய், 17ம் நூற்றாண்டுல ஐரோப்பாவையே உலுக்குன முப்பதாண்டுப் போர், 1727ல காசு அடிக்கிறதும் நின்னுபோச்சு, 1770ல தீ வேற. இன்னைக்கு ஜனத்தொகை 20 ஆயிரம் சொச்சம்தான், 2011 கணக்குல காரைக்குடியே 1 லட்சத்தத் தாண்டிருச்சு, கிட்டத்தட்ட அதுல அஞ்சுல ஒரு பங்குதான்னு பாத்துக்கோங்க. இத எதையும் பஸ்ல சொல்லவே இல்ல, எல்லாம் உள்ளூர் கைடு சொல்லித்தான் தெரிஞ்சுது. இதுதான் என் பெரிய வருத்தம்.

சுரங்கத்துக்குள்ள போகணும்னு நாங்க அடம்புடிச்சப்பறம் டூர் மேனேஜர் போன் போட்டு டிக்கெட் வாங்கிக் குடுத்தார், அதுக்கு அவருக்கு நன்றி சொல்லியே ஆகணும். தலைக்கு ஹெல்மெட், கையில ஒரு லைட்டு, அந்தக்காலத் தொழிலாளிங்க போட்ட மாதிரியே முழங்கால் வரைக்கும் வெள்ளை அங்கி. எங்ககூட வந்த பள்ளத்தூர் ஆச்சி சேலைக்கு மேலயே அத மாட்டிக்கிட்டு, முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு விடுவிடுன்னு படி எறங்கிட்டாக. சில எடத்துல தோள் ரெண்டும் பாறையில உரசுது, பக்கவாட்டுலதான் நகரணும், உளியால கொத்துன தடம் அப்படியே வரிவரியா கைக்குத் தட்டுப்படுது. கைடு எல்லா லைட்டையும் அணைக்கச் சொன்னப்ப என் கையே எனக்குத் தெரியல.

மேல வந்ததும் ஆச்சி சொன்னாக, "நாம பர்மா, மலாயான்னு காசு இருந்த எடத்தத் தேடிப்போயி சம்பாரிச்சத ஊருல கொண்டாந்து வீடாக் கட்டுனோம் தம்பி, இங்க காசு காலுக்கடியிலயே கெடந்து ஊரானைத்தானே இழுத்துருக்கு." கானாடுகாத்தான்ல பூட்டிக் கெடக்குற செட்டிநாட்டுப் பெரிய வீடுகளப் பாத்து வளந்தவங்களுக்கு இந்த ஊரு மத்தவங்களவிட நல்லாப் புரியும், அதனாலதான் அரை நாள்ல ஓட்டிட்டு வந்தது மனசு ஆறல. பார்பரா கோயில்ல சுரங்கத் தொழிலாளிங்கள வரைஞ்ச பழைய சுவரோவியம் இருக்கு, அத நின்னு பாக்கவே நேரம் குடுக்கல.

அடுத்த பேட்ச் போறவங்க முன்னாடியே முழு நாள் கேளுங்க, சுரங்க டிக்கெட்டயும் இங்கயே பேசி முடிச்சிருங்க. முழங்கால் வலி, மூச்சுத்திணறல் இருக்கவுக கீழ எறங்க வேணாம், மேலயே மியூசியம் இருக்கு. வெயில் காலத்துலயும் உள்ள குளுரும், ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும். டூருக்கு 5க்கு 4, குட்னா ஹோராவ நடத்துன விதத்துக்கு 2.