கடல் உயிர்ச்சுவட்டுப் பெட்டி: வாங்கலாம், அட்டையைத் திருத்தி வையுங்கள்

உயர்தர வகுப்புகளுக்கென விற்கப்படும் இந்தப் பெட்டியில் ட்ரைலோபைட், அம்மோனைட் என்னும் அற்றுப்போன கடலுயிர்கள் உட்பட 12 மாதிரிகளும், கொனோடொன்ட் (இதுவும் அற்றுப்போன கடலுயிர்; சுவடாக எஞ்சுவது அதன் நுண்ணிய பல்) உள்ள சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றும் இருக்கின்றன. மலையகப் பாடசாலைகளுக்கு இது அவசியம். நம் மலைகளின் பாறை 700 பாகை செல்சியசுக்கும் மேல் வெந்து உருமாறியது. ஹட்டனில் எந்த மண்மேட்டை வெட்டினாலும் அதில் உயிர்ச்சுவடு கிடைக்காது.

மாதிரிகள் தரம். விளக்க அட்டைதான் குழப்புகிறது. ட்ரைலோபைட் வந்ததும் கேம்பிரியன் என்னும் புவியியல் காலம் தொடங்கியது என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் ட்ரெப்டிக்னஸ் பெடம் என்னும் புழுத்தடத்தை வைத்தே 1992இல் அந்த எல்லை வகுக்கப்பட்டது. ட்ரைலோபைட் வர அதற்குப் பின் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அட்டையின் அடுத்த தவறு, பேர்மியன் கால உயிர்கள் அழிந்த மட்டமே அதற்கடுத்த திரயாசிக் காலத்தின் தொடக்க எல்லை என்பது. கிடைத்த கடைசிச் சுவடு அந்த இனத்தின் கடைசி உயிருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லைக்குப் புதிய இனத்தின் முதல் தோற்றத்தை எடுக்கிறார்கள். சீனாவின் மெய்ஷானில் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கொனோடொன்ட் முதலில் தென்படும் 27c என்னும் பாறைப் படுகையின் (அடுக்கின்) அடியில் 2001இல் கோடு போட்டார்கள். பேரழிவு மட்டம் அதற்குச் சற்றுக் கீழே, 25ஆம் படுகையில். கடலில் பரவலாக நீந்தியது என்பதால் இதே இனம் காஷ்மீரிலும் கிடைக்கிறது. எல்லைக்கு வேண்டியது அப்படிப்பட்ட உயிரினம்தான்.

சுண்ணாம்புக்கல் துண்டைப் பிளாஸ்ரிக் வாளியில், 10 சதவீத அசற்றிக் அமிலத்தில் ஊற வையுங்கள். நுரை அடங்கினால் அமிலத்தை மாற்றுங்கள். சில நாட்களில் கரைந்துவிடும். அவசரப்பட்டு ஐதரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் கொனோடொன்டின் பொஸ்பேற்றும் சேர்ந்து கரைந்து, சல்லடையில் ஒன்றும் மிஞ்சாது. கசடை 75 மைக்ரோன் சல்லடையில் மெதுவாகக் கழுவி, உலர்த்திப் பாருங்கள். பெட்டியில் வரும் 10 மடங்கு வில்லை போதாது. கொனோடொன்டின் பல், பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியது. பாடசாலை நுணுக்குக்காட்டியில் 40 மடங்கில் வையுங்கள்.

நுவரெலியாக்காரர்கள் பொன்னிற அம்மோனைட்டைக் கவனிக்க வேண்டும். அது பைரைற்று, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பனிமூட்டத்தின் ஈரத்தில் ஒட்சியேறி, வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்து, கந்தக நெடி வீசும். அதில் வரும் அமிலம் பெயர்ச்சீட்டையும் பக்கத்து மாதிரியையும் அரிக்கும். மூடி இறுகும் போத்தலில் சிலிக்கா ஜெல்லோடு தனியாக வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தி மறுபடி போடலாம்.